தொடுவதற்கு முன்

எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். தென்காசிக்குள் மட்டுமல்ல, திருவேங்கடத்திலிருந்து செங்கோட்டை வரைக்கும் அந்தப் பெயர் உண்டு. அவர் கை பட்டால் போதும் என்று வாடகைக்குக் கார் பிடித்து வருவார்கள். அந்தக் கை ஒரு பெண்ணின் நெற்றியை நோக்கி நீண்டபோது நான் குறுக்கே போய் நின்றேன். கைராசிக்காரர் கையையே தட்டிவிட்டவள் என்று இன்றைக்கும் கேன்டீனில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். தட்டிவிடவில்லை, தடுத்தேன். ஆனால் கேன்டீனில் அந்த வித்தியாசமெல்லாம் எடுபடாது.

நான் நர்ஸ். அதிலும் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். தனியாகப் படித்துத் தேர்வு எழுதி வாங்கிய வேலை. வேலை என்னவென்றால், அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பது. யார் கை கழுவினார்கள், யார் கழுவாமல் கட்டிலுக்குக் கட்டில் தாவுகிறார்கள் என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாமியார் உத்தியோகம் என்று சக நர்சுகள் சொல்வார்கள். மாமியார் என்றால் வீட்டில் ஒரு பயமாவது இருக்கும். என்னிடம் யாருக்கும் அதுவும் கிடையாது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த நேரம் அது. சாரல் விழ ஆரம்பித்தால் ஊருக்கே கொண்டாட்டம், எங்களுக்கு மட்டும் திண்டாட்டம். அருவிப் பாறையில் வழுக்கி மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், ஈரச் சாலையில் வண்டியோடு விழுந்தவர்கள், குளித்த கையோடு நெஞ்சு வலி வந்தவர்கள் என்று படுக்கை நிரம்பி வழியும். அப்படி நிரம்பிக் கிடந்த வாரத்தில்தான், மூன்று நோயாளிகளின் பரிசோதனை முடிவு திருநெல்வேலி லேபிலிருந்து அடுத்தடுத்து வந்தது. மூன்று பேருக்கும் ஒரே கிருமி. கிளெப்சியெல்லா. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று அந்த முடிவில் இருக்கும். ஏறக்குறைய எதற்கும் கட்டுப்படாது என்றே வந்திருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மருந்து, அதுவும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது.

மூன்று பேருக்கு ஒரே கிருமி என்றால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கிருமி தானாக எழுந்து நடந்து போகாது. நம் கைதான் அதற்கு டவுன் பஸ். ஒரு கட்டிலில் ஏறி அடுத்த கட்டிலில் இறங்கிவிடும். திடமானவர்களை ஒன்றும் செய்யாது. தொண்டையில் குழாயும் கழுத்தில் ஊசியுமாகக் கிடப்பவர்களைத்தான் கொல்லும்.

மூன்று பேரையும் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினேன். அவர்களுக்குத் தனி நர்சுகள். கட்டிலுக்குக் கட்டில் தனி ஸ்டெதஸ்கோப், தனி பிரஷர் பட்டை. அதெல்லாம் சுலபம். பார்க்க வருகிறவர்களை நிறுத்தியதுதான் பெரும்பாடு.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வந்து பார்க்காதவர்களை அவர் பேரன் காலம் வரைக்கும் மன்னிக்க மாட்டார்கள். அதனால் வேன் பிடித்து வருவார்கள். வந்தவர்கள் தங்கள் ஆளைப் பார்த்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "இவிய எந்த ஊரு?" என்று கேட்பார்கள். "சுரண்டையா? எங்க சின்னம்மாவ அங்கனதான் கெட்டிக் குடுத்திருக்கு" என்று அந்த நோயாளியின் காலையும் அன்போடு தடவிக் கொடுப்பார்கள். இந்த அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு நோயாளிக்கு ஒரே ஆள், அவரும் சானிடைசரால் கை தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கதவருகே நின்றுகொண்டேன். "இவ என்ன கலெக்டரா?" என்று என் காதுபடவே கேட்டார்கள். கலெக்டராக இருந்தாலும் கை தேய்க்கத்தான் வேண்டும் என்று நானும் பதில் சொன்னேன்.

எங்கள் முதலாளியை எம்.டி. சார் என்போம். மூன்று பேர் குணமாகும்வரை புதிதாக யாரையும் அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று அவரிடம் போய்க் கேட்டேன். சீசன் நேரத்தில் இப்படி ஒன்றைக் கேட்க எனக்கு எப்படி மனசு வந்தது என்று அவர் ஆச்சரியப்பட்டார். "வெளிய தெரிஞ்சா என்ன ஆவும்னு யோசிச்சீயளா சிஸ்டர்?" என்றார். உள்ளே பரவினால் என்ன ஆகும் என்றுதான் நான் யோசித்திருந்தேன். அவர் மசியவில்லை.

மறுநாளே பண்பொழிப் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள்.

தரையில் பாய் விரித்துத் தூங்கியவளைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. கடித்த இடம் எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. விடிவதற்குள் இமை தொங்கிப்போய், பேச்சுக் குழறி, மூச்சு வாங்க முடியாமல் ஆகிவிட்டது. பீடி சுற்றுகிற பெண். கட்டிக்கொண்டவன் கேரளாவில் டைல்ஸ் வேலைக்குப் போயிருந்தான். அவள் அம்மாதான் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். விஷமுறிவு மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் இறக்கி, வென்டிலேட்டரில் போட்டார்கள்.

கட்டுவிரியன் விஷத்தில் ஒரு கொடுமை இருக்கிறது. ஆள் செத்தவர் போலக் கிடப்பார். இமையைத் தூக்க முடியாது, விரலை அசைக்க முடியாது. ஆனால் காது கேட்கும், தொட்டால் தெரியும், சுற்றி நடப்பதெல்லாம் புரியும். ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. கொஞ்ச நாள் மெஷின் மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் விஷத்தின் பிடி தானாக விடும், ஆள் எழுந்து வீட்டுக்கு நடந்து போகலாம். அதுவரை அந்தக் குழாய் வழியாக ஜன்னல் ஓரத்துக் கிருமி அவள் நுரையீரலுக்குள் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாம்பு கொல்லாமல் விட்டவளை நாங்கள் கொன்றுவிடக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். வேறு எதுவும் அப்போது என் மனசில் இல்லை.

பெரிய டாக்டரிடம் கை தேய்க்கச் சொல்லி அதற்கு முன்பே பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. "பாத்துக்கிடலாம் சிஸ்டர்" என்று சிரிப்பார். தினமும் காலையில் ஒவ்வொரு நோயாளியின் கையையும் பிடித்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்து, ஊர்க் கதை ரெண்டு பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். தங்கமான மனுஷன். எவ்வளவு ஏழையானாலும் முகம் சுளிக்காமல் தொடுவார். ஆனால் தொட்ட பிறகு கையில் ஒரு சொட்டு சானிடைசர் படாது. மற்ற டாக்டர்களும் அவரைப் பார்த்து அப்படியே.

அவள் வந்த மறுநாள் காலை, ஜன்னல் ஓரத்து மூன்று பேரில் ஒருவரான பெரியவரின் கையைப் பிடித்துப் பேசிவிட்டு, நேராக இந்தப் பெண்ணின் கட்டிலுக்கு வந்தார். கால்மாட்டில் அவள் அம்மா கும்பிட்டபடி நின்றாள். அவர் கை நெற்றிக்கு நீண்டது. நான் நடுவில் போய் நின்றேன்.

"சார், கை" என்று சானிடைசர் குப்பியை நீட்டினேன்.

"நகருங்க சிஸ்டர்."

"கை தேய்க்காம இந்தப் பிள்ளையத் தொட விடமாட்டேன் சார்."

கூட வந்த ஜூனியர்கள் எல்லாரும் திடீரென்று மானிட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவருடைய முகம் சிவந்ததை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"ஆளத் தொட்டுட்டு கை கழுவுற பழக்கம் எனக்குக் கெடையாது. இத்தன வருஷத்துல கெடையாது. இனியும் கெடையாது" என்றார். மீதி நோயாளிகள் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அந்த அம்மா என்மேல் பாய்ந்தாள். "அய்யா கை பட்டா எம்பிள்ள பொழச்சிக்கிடும்னுதான இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தேன். நீ யாருட்டி தடுக்கதுக்கு?" என்று அழுதாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் நகரவும் இல்லை.

எம்.டி. கூப்பிட்டு அனுப்பினார். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.  

"வீட்டுக்குப் போறேன் சார். ஆனா போற வழியில ஐசியூ வாசல்ல உக்காந்திருக்க ஒவ்வொரு குடும்பத்துகிட்டயும் உள்ள என்ன கிருமி இருக்கு, எப்படிப் பரவுதுன்னு சொல்லிட்டுத்தான் போவேன். அவுங்க ஆளுக்குத்தான் அது வரப்போவுது, அவுங்களுக்குத் தெரியணும்லா" என்றேன்.

அவர் மோதிரம் போட்ட கையால் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், ஜன்னல் வரிசையில் மட்டும் புதிதாக யாரையும் படுக்கவைக்க வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். மன்னிப்பு விஷயத்தை மட்டும் விடவில்லை. அதற்காகத்தான் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன், கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டே போனேன்.

அவர் உட்காரச் சொன்னார். நான் நின்றேன். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"படிச்சு முடிச்ச புதுசுல ஒரு பெரிய டாக்டருகிட்ட வேலை பாத்தேன். சில தெருக்காரங்களத் தொட்டுப் பாத்தா மட்டும் உடனே கை கழுவ பேசினும் சொம்புத் தண்ணியுமா ஒரு ஆளு வருவான். மத்தவங்களுக்கு வரமாட்டான். கிருமிக்காக இல்ல. எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். முதுகுல கட்டியோட வந்த ஒருத்தர், கட்டிய அறுக்கும்போது வாயத் தொறக்கல. அந்தத் தண்ணி பேசின்ல விழுந்தப்போதான் தலையக் குனிஞ்சாரு. இனி எந்த மனுஷனையும் தொட்டுட்டு அவன் கண்ணு முன்னால கை கழுவ மாட்டேன்னு அன்னைக்கு நெனச்சேன். நீங்க என்னன்னா குப்பியத் தூக்கிட்டு வந்து நிக்கீங்க."

இவ்வளவு வருஷம் அவர் சிரித்து மழுப்பியதற்குப் பின்னால் இதுவா இருந்தது? அந்தக் கணமே கோபமும் வந்தது, அடக்க முடியாத கோபம்.

"சார், எங்க அம்மாவுக்கு ஊசி போட்டுட்டு எங்க கண்ணு முன்னாடியே சோப்புப் போட்டுக் கழுவுன கம்பவுண்டர எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு. நான் அம்மா சேலையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க சொல்லுத பேசினுக்கு அந்தப் பக்கம் நின்னவங்க நாங்க. அந்தக் கோபம் உங்களுக்கு முன்னாடியே எங்களுக்கு இருக்கு. ஆனா அதுக்காக இந்தப் பிள்ள ஏன் சாவணும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 

"அது யாரு பெத்த பிள்ளைன்னு நெனைக்கீங்க? அதுவும் அந்தப் பக்கத்துப் பிள்ளதான். அத மதிக்கணும்னா, தொடுததுக்கு முன்னாடி தேயுங்க. அது பக்கத்துல நின்னு, அதோட அம்மா பாக்க, தேச்சிட்டுத் தொடுங்க."

"தொட்ட பொறவு?" என்றார்.

"தொட்ட பொறவும் தேய்க்கணும்னுதான் சட்டம். அத அடுத்த கட்டில்ல போய், அடுத்த ஆளுக்காகத் தேயுங்க. நடுவுல மட்டும் எதையும் தொடக் கூடாது. பேனா கெடையாது, போன் கெடையாது, கேஸ் சீட்ட சிஸ்டர் பிடிச்சுக்கிடுவா. கடைசிக் கட்டிலுக்கு அப்புறம் வெளிய வந்து தேச்சுக்கிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. நானும் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தார். ஜன்னல் ஓரத்துப் பெரியவரை விட்டு நகர்ந்ததும், கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்துக் குழாயைத் தேடும் ஆள் மாதிரி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடியே நடந்தார். பையில் போன் அடித்தது, எடுக்கவில்லை. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணின் கட்டிலருகே வந்து குப்பியை அமுக்கி, விரல் இடுக்கு, நகக் கண், கட்டைவிரல் என்று ஒன்றுவிடாமல் தேய்த்தார்.

"எதுக்குய்யா இது?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஒம் பிள்ளையத் தொடணும்லா, அதான்" என்றார்.

பிறகு நெற்றியில் கை வைத்தார். அந்த அம்மா தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். ஊற்றினேன். பீடி இலை நறுக்கி நறுக்கிக் காய்த்துப்போன விரல்கள், என்னைவிட ஒழுங்காகத் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு ஜூனியர்கள் தேய்த்தார்கள். எக்ஸ்ரே எடுக்க வருகிறவர் தேய்த்தார். எத்தனையோ கூட்டம் போட்டு, சுவரில் படம் ஒட்டி, தொண்டை கிழியக் கத்தி நடக்காதது, பெரிய டாக்டர் தேய்க்கிறாரே என்பதற்காக நடந்தது. எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. நான் சொன்னபோது மட்டும் என்ன கேடு? ஆனாலும் காவலை விடவில்லை. "நகத்துக்கு இடுக்குல தேயுங்க", "மோதிரத்தக் கழட்டுங்க", "வாட்ச் எதுக்கு இங்க" என்று அவள் கட்டிலைச் சுற்றி நின்று நாள் முழுக்கத் தொணதொணத்தேன்.

ஜன்னல் ஓரத்துப் பெரியவர் பிழைக்கவில்லை. அந்தக் கடைசி மருந்தும் கேட்கவில்லை. ஆக்சிடென்டில் கால் முறிந்து வந்தவர், கால் சரியாகிக்கொண்டே இருந்தது, கிருமி ஆளைக் கொண்டுபோய்விட்டது. அவர் மகளிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லாதே என்று எனக்கு மேலிருந்து சொல்லியிருந்தார்கள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மற்ற இரண்டு பேரும் மெல்லத் தேறினார்கள். புதிதாக யாருக்கும் வரவில்லை. அந்தப் பெண்ணிடமிருந்து மாதிரி எடுத்து அனுப்பும்போதெல்லாம், முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தது.

அவளுக்கு முதலில் கால் விரல் அசைந்தது. பிறகு இமை பாதி உயர்ந்தது. குழாயை எடுத்த அன்று பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. அடுத்த நாள் நான் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது கரகரத்த குரலில் பேசினாள்.

"யக்கா, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கும்லா, அது அந்தக் குப்பியா?"

"ஆமா. ஏன் கேக்க?"

"கண்ணு தொறக்க முடியாமக் கெடந்தேம்லா. அந்தச் சத்தம் கேட்டா, யாரோ தொடப்போறாவன்னு தெரியும். மனசத் தேத்திக்கிடுவேன். ஈரமா, சில்லுன்னு கை வரும். சத்தமில்லாம யாராவது தொட்டாத்தான் உள்ளுக்குள்ள கெடந்து கத்துவேன். ஒருத்தருக்கும் கேக்காது."

சீப்பை வைத்துவிட்டேன். கிருமியைத் தவிர வேறெதையும் நான் நினைத்தே பார்க்கவில்லை. இருட்டில் கிடந்த ஒரு பிள்ளைக்கு அந்தச் சத்தம் கதவைத் தட்டிவிட்டு வருகிற மாதிரி இருந்திருக்கிறது. அழுகை வந்தது, அழுதேன்.

"ஒரு ஆளு மட்டும் கடைசி வரைக்கும் சத்தம் இல்லாமத்தான் தொட்டாரு. சென்ட் வாசன அடிக்கும். கையில மோதிரம் இருக்கும், நெத்தியில உரசும். யாராரையோ கூட்டிட்டு வந்து எங்கதையச் சொல்லுவாரு" என்றாள்.

யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்.

அவளைச் சாதாரண வார்டுக்கு மாற்றுகிற நாளன்று எம்.டி. பூங்கொத்தோடு வந்தார். கூடவே போட்டோ எடுக்க ஒரு ஆள். பாம்பு கடித்துப் பிழைத்தவள் படம் எங்கள் ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கு வேண்டுமாம். பெரிய டாக்டரை ஒரு பக்கம் நிறுத்தினார். அந்த அம்மாவை மறுபக்கம் நிறுத்தினார். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு ஆசீர்வாதம் செய்கிற மாதிரி அவள் தலைக்குக் கையை நீட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்காரக்கூட இன்னும் தெம்பு இல்லை. அந்த வாசனையை மோந்து பார்த்தவள் போல முகத்தைச் சுருக்கினாள்.

"அங்கன குப்பி இருக்கு. தேச்சிட்டுத் தொடுங்க" என்றாள்.

 பெரிய டாக்டர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எம்.டி. என்னைப் பார்த்தார், இதுவும் என் வேலைதான் என்பது போல. பிறகு போட்டோக்காரர் காத்துக்கொண்டு நிற்கிறாரே என்று குப்பியை ஒருமுறை அமுக்கி, பட்டும் படாமலும் தேய்த்துவிட்டுத் திரும்பினார்.

"மோதிரத்தக் கழட்டிட்டு" என்றாள் அவள்.

அவர் கழற்றினார்.